எட்டிப் பார்க்கும் குழாய்க்கு ஒளி கொடுத்த ஹாப்கின்ஸ்

நெய்வேலி நிலக்கரி முதன் முதலில் வெளியே வந்தது ஒரு துளை வழியாகத்தான்.

குறிஞ்சிப்பாடி வட்டாரத்தில் இந்தக் கதை தெரியாதவர்கள் குறைவு. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தண்ணீருக்காகத் தம் நிலத்தில் துளை போட்டார். தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. அது பழுப்பு நிலக்கரி என்று பிறகு தெரிந்தது.

1956-ல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் ஏற்பட்டது. ரஷ்யாவின் உதவியோடு அங்கே மின்சார நிலையம் கட்டினார்கள். 1962-ல் அதன் முதல் யந்திரம் ஓடத் தொடங்கியது. 58 ஆண்டுகள் உழைத்த அந்த நிலையம் 2020-ல் ஓய்வு பெற்றது. அதற்குப் பின் வந்த நிலையங்கள் இன்றும் மின்சாரம் கொடுத்து வருகின்றன.

பூமிக்குள் இருப்பதைத் துளை போட்டுத் தெரிந்து கொள்ளலாம். ஆனால், இரும்புக் கூட்டுக்குள் மூடிக் கிடக்கும் யந்திரத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்பதை எப்படித் தெரிந்து கொள்வது?

மின்சார நிலையத்தில் நீராவியால் சுழலும் யந்திரத்துக்கு டர்பைன் என்று பெயர். பெரிய இரும்புத் தண்டு ஒன்று. அதைச் சுற்றி வரிசை வரிசையாகப் பிளேடு என்னும் தகடுகள். கொதிகலனிலிருந்து பாய்ந்து வரும் நீராவி அந்தத் தகடுகள் மீது மோதுகிறது. தண்டு சுழல்கிறது. எவ்வளவு வேகம்? ஒரு நிமிஷத்துக்கு 3,000 சுற்று!

அந்தத் தகடுகளில் ஒன்றில் மயிரிழை போல ஒரு விரிசல் விட்டிருந்தால் என்ன ஆகும்? ஒரு நாள் அது முறியும். முறிந்த துண்டு மற்றத் தகடுகளையும் அடித்து நொறுக்கும். பக்கத்தில் வேலை செய்கிறவர்களுக்கும் ஆபத்து.

சந்தேகம் வந்தபோதெல்லாம் டர்பைனைப் பிரித்துப் பார்க்க முடியாது. மேல் மூடியைத் தூக்கப் பெரிய பளுதூக்கி வேண்டும். பிரிக்கப் பல நாள், பூட்டப் பல நாள். அது வரை மின்சாரம் கிடையாது.

இதற்காக ஒரு குழாய் இருக்கிறது. விரலை விட மெல்லியது. யந்திரத்தின் உறையில் உள்ள சிறு துளையின் மூடியைக் கழற்றி, குழாயை உள்ளே விட்டு, வெளியே இருக்கும் முனையில் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் தகடு கண்ணுக்கு நேரே தெரியும். இந்தக் குழாயின் பெயர் போர்ஸ்கோப். நம் ஊரில் கிணற்றுக்கு "போர்" போடுகிறார்களே, அதே போர்தான். ஆங்கிலத்தில் அதற்குத் துளை என்று பொருள்.

குழாய் ரொம்பப் பழையது. ஆனால் அதில் பார்த்தால் பாதி இருட்டு, பாதி மங்கல். அந்த இருட்டைப் போக்கியவர் ஹரால்ட் ஹாப்கின்ஸ் என்ற இங்கிலாந்து விஞ்ஞானி.

ஏழை வீட்டுப் பிள்ளை

1918-ம் ஆண்டு டிசம்பர் 6-ந் தேதி லண்டனில் ஹாப்கின்ஸ் பிறந்தார். பெர்மாண்ட்ஸி என்பது அந்தப் பகுதியின் பெயர். ஏழைகள் நெருக்கியடித்துக் கொண்டு வாழ்ந்த இடம். பெற்றோருக்கு வசதி இல்லை. பையனுக்கோ படிப்பு நன்றாக வந்தது.

லெஸ்டர் என்னும் ஊரில் கேட்வே பள்ளிக்கூடம் என்று ஒன்று இருந்தது. அங்கே உபகாரச் சம்பளம் கிடைத்தது. இல்லாவிட்டால் அவர் படிப்பு பாதியிலேயே நின்றிருக்கும்.

பள்ளியில் அவருக்குப் பிடித்தவை மொழிப் பாடங்களும் இலக்கியமும். ஆனால், தலைமை ஆசிரியர் பையனை விஞ்ஞானத்தின் பக்கம் திருப்பி விட்டார். நாட்டில் விஞ்ஞானிகளும் என்ஜினீயர்களும் போதவில்லை என்பது அவர் எண்ணம். ஓர் ஆசிரியர் போட்ட கணக்கு எத்தனை பேர் உயிரைக் காப்பாற்றப் போகிறது என்பது அன்று யாருக்கும் தெரியாது.

1939-ல் லெஸ்டர் கல்லூரியில் முதல் வகுப்பில் தேறினார். அணுவைப் பற்றி ஆராய்ச்சி செய்யத் தொடங்கினார். அந்த ஆண்டே உலகப் போர் மூண்டது. ஆராய்ச்சி நின்றது.

டெய்லர், டெய்லர் அண்டு ஹாப்ஸன் என்ற கம்பெனியில் வேலைக்குப் போனார். கேமராவுக்கான லென்சுகள் செய்யும் கம்பெனி அது. ஒளி எப்படிப் போகிறது, கண்ணாடியில் பட்டால் எப்படி வளைகிறது என்ற கணக்கெல்லாம் அங்கேதான் அவருக்குப் பழக்கமாயிற்று.

இடையில் ஒரு கூத்து நடந்தது. இப்படிப்பட்ட நிபுணர்களைப் போர்முனைக்கு அனுப்பக் கூடாது என்பது விதி. ஆனால், அதிகாரிகளின் கவனக் குறைவால் ஹாப்கின்ஸைப் பட்டாளத்தில் சேர்த்து விட்டார்கள்! பாலங்களை வெடி வைத்துத் தகர்க்கும் வேலை கொடுத்தார்கள். கொஞ்ச காலத்துக்குப் பிறகே தவறு தெரிந்தது. திரும்ப லென்ஸ் வேலைக்கு அழைத்துக் கொண்டார்கள்.

1945-ல் டாக்டர் பட்டம் பெற்றார். 1947-ல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே 20 ஆண்டுகள் பாடம் சொல்லிக் கொடுத்தார். வெளிநாட்டு மாணவர்கள் பலர் அவரைத் தேடி வந்தார்கள்.

முதலில் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ஜூம் லென்ஸ். கேமரா நின்ற இடத்திலேயே நிற்கும். காட்சி மட்டும் கிட்டே வரும், எட்டிப் போகும். அந்தக் காலத்தில் டெலிவிஷன் கேமராவில் ஒரு லென்ஸை எடுத்து மற்றொன்றைப் போட வேண்டும். அந்த நேரத்தில் காட்சி அறுந்து போகும். பி.பி.சி. நிறுவனத்துக்காக அந்தக் குறையை நீக்கும் லென்ஸை அவர் கணக்கிட்டுக் கொடுத்தார்.

விருந்தில் கேட்ட குறை

1951-ல் ஒரு விருந்து. அங்கே ஹியூ கெய்ன்ஸ்பரோ என்ற டாக்டரை ஹாப்கின்ஸ் சந்தித்தார். வயிற்று நோய்களைக் கவனிக்கும் டாக்டர் அவர்.

வயிற்றுக்குள் புண் இருக்கிறதா என்று பார்க்க, அந்தக் காலத்தில் நோயாளியின் வாய் வழியாக ஒரு குழாயை விடுவார்கள். விறைப்பான குழாய். வாள் விழுங்குகிற வித்தைக்காரனைப் போல நோயாளி தலையை அண்ணாந்து கொண்டு கிடக்க வேண்டும். வலி பொறுக்க முடியாது. அப்படியும் வயிற்றின் சில மூலைகள் தெரியாது. குழாய் குத்திக் காயம் பட்டுவிடவும் கூடும். இதற்கு வழியே இல்லையா என்று டாக்டர் குறைப்பட்டுக் கொண்டார்.

ஹாப்கின்ஸுக்கு ஒரு யோசனை தோன்றியது. கண்ணாடியை மயிரிழை போல் நூலாக இழுத்தால், அது வளையும். ஒரு முனையில் நுழைந்த ஒளி, வளைவுகளில் எல்லாம் வளைந்து, மறு முனையில் வெளியே வரும். ஆயிரக் கணக்கான நூல்களை ஒரே கட்டாகக் கட்டினால், ஒவ்வொரு நூலும் படத்தின் ஒரு புள்ளியைக் கொண்டு வரும் அல்லவா?

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. இதை நெசவு தெரிந்த குறிஞ்சிப்பாடிக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். பாவு நூல்கள் இந்த முனையில் எந்த வரிசையில் இருக்கின்றனவோ, அந்த முனையிலும் அதே வரிசையில் இருக்க வேண்டும். இழை மாறினால் படம் கலைந்து விடும்.

இந்த வேலைக்கு ஹாப்கின்ஸுடன் சேர்ந்தவர் ஓர் இந்தியர். பஞ்சாபில் மோகா என்ற ஊரில் பிறந்த நரீந்தர் சிங் கபானி. இருவரும் சேர்ந்து கண்ணாடி நூல் கட்டைச் செய்தார்கள். 1954 ஜனவரியில் "நேச்சர்" என்ற விஞ்ஞானப் பத்திரிகையில் அதைப் பற்றி எழுதினார்கள். பின்னால் இருவருக்கும் ஒத்துப் போகவில்லை. யாருக்கு எவ்வளவு பங்கு என்பதில் இன்று வரை இரண்டு அபிப்பிராயம் உண்டு. கபானிக்கு 2021-ல், அவர் காலமான பிறகு, இந்திய அரசாங்கம் பத்ம விபூஷண் பட்டம் அளித்தது.

இங்கிலாந்துக் கம்பெனிகள் இந்தக் கண்டுபிடிப்பைக் கண்டுகொள்ளவில்லை. அதைப் பிடித்துக் கொண்டவர் அமெரிக்காவில் இருந்த டாக்டர் ஹிர்ஷோவிட்ஸ். 1957-ல், வளையும் குழாய் ஒன்றைச் செய்து, முதலில் தாமே விழுங்கிப் பார்த்தார்!

காற்றும் கண்ணாடியும்

அடுத்து வந்தவர் லிவர்பூல் நகரத்து டாக்டர் ஜேம்ஸ் கோ. சிறுநீர்ப் பையில் வரும் நோய்களைக் கவனிப்பவர். பைக்குள் இருக்கும் கட்டியைப் படம் பிடிக்க அவர் ஆசைப்பட்டார். படம் இருந்தால்தானே கட்டி வளர்கிறதா, தேய்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்? எவ்வளவு முயன்றும் படம் இருட்டாகவே வந்தது. அவர் ஹாப்கின்ஸிடம் போனார்.

அந்தக் குழாய்க்கு நீண்ட சரித்திரம் உண்டு. 1800-களின் தொடக்கத்திலேயே பொட்சினி என்ற ஜெர்மானிய டாக்டர் மெழுகுவர்த்தி வெளிச்சத்தைக் கொண்டு உடலுக்குள் பார்க்க முயன்றார். 1870-களின் கடைசியில் நிட்ஸே என்பவர் குழாய்க்குள் லென்சுகளை வைத்தார். யந்திரத்துக்கும் இந்தக் குழாய் வந்தது. 1921-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் கிராம்ப்டன் என்ற டாக்டர், வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனிக்காக இப்படி ஒரு குழாயைச் செய்து கொடுத்தார். டர்பைன் தண்டின் நடுவே ஓடும் நீளமான துளைக்குள் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக. நோயாளியைப் பார்க்கும் டாக்டர்தான் யந்திரத்துக்கும் கண் கொடுத்தார்!

எல்லாக் குழாய்களிலும் ஏற்பாடு ஒன்றுதான். நீளமான குழாய். உள்ளே காற்று. அங்கங்கே மெல்லிய சிறு லென்சுகள். வீடு கட்டும் இடத்தில் வரிசையாக நின்று கைக்குக் கை செங்கல் மாற்றுவார்களே, அது போல ஒரு லென்ஸ் படத்தை அடுத்த லென்ஸுக்குக் கொடுக்கும். கடைசி லென்ஸ் அதைக் கண்ணுக்குக் கொடுக்கும்.

இதில் என்ன கோளாறு?

பூச்சு இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒளி படும்போது, 100-ல் 4 பங்கு திரும்பிப் போய்விடும். 20 லென்ஸ் இருந்தால் 40 பக்கம். கடைசியில் கண்ணுக்கு வருவது ஐந்தில் ஒரு பங்கு கூட இல்லை. அது மட்டுமல்ல. நெல்மணி போன்ற அந்த லென்சுகளை நிமிர்த்தி நிறுத்த, உள்ளே வளையங்கள் வேண்டும். வளையம் இடத்தை அடைத்துக் கொள்ளும். ஒளி போகும் வழி இன்னும் குறுகும். ஒரு லென்ஸ் கொஞ்சம் சாய்ந்தாலும் படம் கெடும்.

ஹாப்கின்ஸ் கணக்குப் போட்டார். பிறகு எல்லாவற்றையும் தலைகீழாக மாற்றினார்.

காற்று இருந்த இடத்தில் கண்ணாடியை வைத்தார். கண்ணாடி இருந்த இடத்தில் காற்றை வைத்தார்!

அதாவது, குழாய் நிறையக் கண்ணாடிக் கோல்கள். ஒரு கோலுக்கும் அடுத்த கோலுக்கும் நடுவே சிறிய இடைவெளி. கோலின் முனைகளை வளைவாகத் தேய்த்தால், அந்த இடைவெளிக் காற்றே லென்ஸ் போல வேலை செய்யும்.

இதனால் என்ன லாபம்? கிணற்றில் தண்ணீர் இல்லாதபோது எட்டிப் பாருங்கள். அடி ஆழமாகத் தெரியும். தண்ணீர் நிறைந்து தெளிந்திருக்கும்போது பாருங்கள். அடி மேலே எழும்பி வந்தது போல் இருக்கும். கண்ணாடிக் கோலும் அப்படித்தான். நீளமான குழாய், ஒளியின் கணக்கில் குட்டையாகி விடுகிறது. பக்கங்களில் சிதறிச் சுவரில் முட்டும் ஒளியும் கண் வரை வந்து சேருகிறது.

இன்னொரு லாபமும் உண்டு. நெல்மணி போன்ற லென்ஸை நிறுத்துவது கஷ்டம். பென்சில் போன்ற கோலுக்கு வளையமும் வேண்டாம், முட்டும் வேண்டாம். குழாய்க்குள் போட்டால் தானே நேராகப் படுத்துக் கொள்ளும். குழாயின் அகலம் முழுவதும் ஒளிக்கே கிடைக்கும். கண்ணாடியின் முனைகளில் பூச்சுப் பூசி, திரும்பிப் போகும் ஒளியையும் குறைத்தார்கள்.

விளக்கையும் மாற்றினார். முன்பு குழாயின் நுனியில் சிறு பல்பு இருக்கும். அது சூடாகும், உள்ளே போன பிறகு அணைந்தும் போகும். அதை எடுத்து விட்டு, வெளியே பெரிய விளக்கை வைத்து, கண்ணாடி நூல்கள் வழியாக ஒளியை மட்டும் உள்ளே அனுப்பினார்கள். சூடு வெளியே, வெளிச்சம் உள்ளே!

எல்லாம் சேர்ந்து, பழைய குழாயை விட 80 மடங்கு வரை வெளிச்சம் கிடைத்தது என்பது கணக்கு. நிறங்கள் உள்ளபடியே தெரிந்தன. டாக்டர் கோ ஆசைப்பட்டது கைக்கு வந்து விட்டது.

வாங்க ஆள் இல்லை

1959-ல் ஹாப்கின்ஸ் இதற்குக் காப்புரிமை பெற்றார். இங்கிலாந்துக் கம்பெனிகளிடம் சொன்னார்கள். அமெரிக்கக் கம்பெனிகளிடமும் சொன்னார்கள். ஒருவரும் முன்வரவில்லை. பழைய குழாய் விற்றுக் கொண்டுதானே இருக்கிறது, புதியது எதற்கு என்று இருந்து விட்டார்கள்.

ஆண்டுகள் ஓடின. அத்தனை காலமும் டாக்டர்கள் மங்கலான குழாயிலேதான் பார்த்துக் கொண்டிருந்தார்கள். பார்க்கத் தவறிய கட்டிகள் எத்தனையோ!

ஹங்கேரியில் பிறந்த ஜார்ஜ் பெர்சி என்ற அறுவை டாக்டருக்கு இந்த லென்ஸின் அருமை தெரிந்தது. அவர் ஜெர்மனியில் டுட்லிங்கன் ஊரைச் சேர்ந்த கார்ல் ஸ்டோர்ஸிடம் எடுத்துச் சொன்னார். டாக்டர்களுக்கான கருவிகள் செய்பவர் ஸ்டோர்ஸ். அவர் தயங்கவில்லை. 1965-ல் ஹாப்கின்ஸுடன் கைகோத்தார். 1967-ல் புதிய குழாய் விற்பனைக்கு வந்தது. சொந்த நாட்டில் விலை போகாத சரக்கு, அயல் நாட்டில் பெயர் வாங்கியது.

வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல், சிறு துளை போட்டுப் பித்தப்பையை எடுக்கிறார்களே, அந்தச் சிகிச்சை பரவுவதற்கு இந்தக் குழாய் பெரிய காரணம். முழங்கால் மூட்டுக்குள் பார்ப்பதும் இப்படித்தான்.

யந்திர டாக்டர்கள்

தொழிற்சாலைக்காரர்களும் இதை விடவில்லை. போர்ஸ்கோப் குழாய்களிலும் கண்ணாடிக் கோல்கள் வந்தன.

மின்சார நிலையத்தில் பார்ப்பது எப்படி? முதலில் யந்திரத்தை நிறுத்துவார்கள். ஆற விடுவார்கள். சூட்டோடு குழாயை விட்டால் குழாய்தான் கெடும். துளையின் மூடியைக் கழற்றிக் குழாயை நுழைப்பார்கள். ஒருவர் கண் வைத்துப் பார்க்க, மற்றொருவர் தண்டை மெல்ல மெல்லத் திருப்புவார். தகடுகள் ஒவ்வொன்றாகக் கண் முன் வந்து போகும். விளிம்பு தேய்ந்திருக்கிறதா, பள்ளம் விழுந்திருக்கிறதா, விரிசல் உண்டா என்று கவனிப்பார்கள்.

குழாயின் நுனியில் முப்பட்டைக் கண்ணாடி வைத்தவையும் உண்டு. அதைக் கொண்டு பக்கவாட்டிலும் பார்க்கலாம். சிலவற்றில் வந்த வழியையே திரும்பிப் பார்க்கவும் முடியும்.

ஆகாய விமானத்தின் என்ஜினில் இதற்கென்றே துளைகள் வைத்திருக்கிறார்கள். பறவை மோதிய விமானம் இறங்கியதும், முதலில் உள்ளே போவது இந்தக் குழாய்தான். டீசல் என்ஜினில் எண்ணெய் தெளிக்கும் ஊசியைக் கழற்றி விட்டு, அந்தத் துளை வழியாகச் சிலிண்டரைப் பார்க்கிறார்கள். பீரங்கிக் குழலின் உட்புறம், வார்ப்பட இரும்பின் உள் பொந்துகள், கொதிகலன் குழாயில் படியும் உப்பு, குழாய்களைப் பற்ற வைத்த இடத்தின் உட்பக்கம் எல்லாம் தெரியும்.

ஆனால் குழாய் மட்டும் இருந்தால் போதாது. பார்க்கிற கண்ணுக்குப் பழக்கம் வேண்டும். நுனி கிட்டே போனால் சிறு கீறலும் பெரிய பிளவு போலத் தெரியும். எட்டிப் போனால் பெரிய பிளவும் கீறலாகத் தெரியும். கரிப் புகையின் கோட்டை விரிசல் என்று எண்ணி யந்திரத்தைப் பிரித்தால் வீண் செலவு. விரிசலைக் கரி என்று எண்ணி விட்டு விட்டாலோ, சொல்ல வேண்டியதில்லை. கையும் பதமாக இருக்க வேண்டும். குழாயை வளைத்தால் உள்ளே உள்ள கோல் உடைந்து போகும்.

கடைசிக் காலம்

1967-ல் ஹாப்கின்ஸ் ரெடிங் பல்கலைக் கழகத்தில் பேராசிரியர் ஆனார். ஓய்வு பெறும் வரை, 1984 வரை, அங்கேயே இருந்தார். ஒளிக்கதிரால் தட்டைப் படித்துப் படமும் பாட்டும் எழுப்பும் கருவிகளுக்கும் அவருடைய கணக்குகள் பயன்பட்டன.

1973-ல் ராயல் சொசைட்டி அவரை அங்கத்தினராக்கியது. 1984-ல் ரம்போர்டு பதக்கம் அளித்தது. டாக்டருக்குப் படிக்காத அவருக்கு, இங்கிலாந்து அறுவை டாக்டர்களின் சங்கம் லிஸ்டர் பதக்கத்தைக் கொடுத்தது. நோபல் பரிசு மட்டும் கிடைக்கவில்லை. கொடுத்திருக்க வேண்டும் என்று சொல்லும் டாக்டர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

1994-ம் ஆண்டு அக்டோபர் 22-ந் தேதி ஹாப்கின்ஸ் காலமானார். அப்போது அவருக்கு வயது 75.

இப்போது குழாயின் நுனியிலேயே கடுகளவு கேமராவை வைக்கிறார்கள். படம் திரையில் தெரிகிறது. வளைந்து வளைந்து போக வேண்டிய இடங்களுக்கு அதுதான் வசதி. நேராகப் போக வழி உள்ள இடங்களிலோ, ஹாப்கின்ஸின் கண்ணாடிக் கோல் குழாய் இன்னும் வேலை செய்து கொண்டிருக்கிறது. ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு; பட்டறையில் யந்திரத்துக்கு.